மாதுளை முத்தும் கோமேதகமும்

சென்ற ஐப்பசியில், மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறைக்கல்வி வகுப்பு முடிந்து வீடு திரும்பிய பேரன் சேற்றுக் காலுடன் நேரே என்னிடம் ஓடி வந்தான். அவன் கையில் ஒரு கருங்கல் ஜல்லி. பெரும்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்திற்காகக் கொட்டி வைத்திருந்த குவியலிலிருந்து பொறுக்கியதாம். மழைநீரில் நன்றாகக் கழுவப்பட்டிருந்த அந்தக் கல்லின் ஒரு முகத்தில், கடுகைவிடச் சற்றே பெரியனவாக, ஐந்தாறு சிவந்த புள்ளிகள். வெயிலில் திருப்பிப் பிடித்தால் ஒவ்வொன்றும் ஒரு நொடி தணல்போல் ஒளிர்ந்து மறைந்தது.

“தாத்தா, இது மாணிக்கமா?”

“இல்லையப்பா. மாணிக்கத்துக்கு இது தூரத்து உறவுகூட இல்லை. இதன் பெயர் கார்னெட்.”

“விற்றால் பணம் கிடைக்குமா?”

சிரித்துவிட்டேன். ஆயினும் அந்தக் கேள்வி அன்று முழுவதும் என்னை விடவில்லை. இந்தச் சிவப்புப் புள்ளியைக் கப்பல் கப்பலாக ஏற்றி விற்றவர்கள் நம் தமிழகத்திலேயே இருந்தார்கள். இதே இனத்துக் கல் என்று நம்பிக் காசைக் கொட்டி ஏமாந்தவர்கள் எங்கள் அன்பியத்திலேயே இருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்ந்தவன் என்ற உரிமையில், பேரனுக்குச் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

நம் காலடியில்

பெரும்பாக்கத்தில் நின்று வடமேற்கே பார்த்தால், இப்போது உயர்ந்த கட்டடங்கள்தாம் கண்ணை மறிக்கின்றன. அவற்றுக்கு அப்பால் நன்மங்கலம், பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை என்று குன்றுகள் வரிசையாகக் கிடக்கின்றன. புனித தோமையாரின் நினைவோடு அக்குன்றின் படிகளில் ஏறி இறங்கியவர்கள் நம்மில் ஆயிரக்கணக்கானோர். அந்தக் குன்றின் கல்லுக்கு உலகப் புகழ் உண்டு என்பதை அறிந்தவர்களோ மிகச் சிலர்.

1893-ஆம் ஆண்டில் தாமஸ் ஹாலந்து என்னும் ஆங்கிலேய நிலவியல் அறிஞர், கல்கத்தாவில் புனித யோவான் ஆலய வளாகத்திலுள்ள ஒரு கல்லறைக் கல்லை ஆராய்ந்தார். அந்நகரை நிறுவியவர் எனச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறை அது. அக்கல் வங்காளத்துக் கல் அன்று. நம் பல்லாவரம், பரங்கிமலைப் பாறையை ஒத்தது என்று அவர் கண்டார். ஆகவே அந்தப் பாறை வகைக்குச் சார்னாக்கின் பெயராலேயே ‘சார்னோக்கைட்’ என்று பெயர் சூட்டினார். அன்டார்டிகாவிலும் ஆப்பிரிக்காவிலும் அதே வகைப் பாறையைக் காணும் அறிஞர்கள் இன்றும் அந்தப் பெயரையே சொல்கிறார்கள். ஒரு வணிகரின் கல்லறையால் நம் ஊர்க் கல்லுக்குப் பெயர் கிடைத்தது. ஊரின் பெயரைச் சூட்டியிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை பரங்கிமலைப் பாறையைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது.

இந்தப் பாறைகளின் வயது ஏறத்தாழ இருநூற்றைம்பது கோடி ஆண்டுகள். இன்று நாம் படியேறிச் செல்லும் கல், ஒரு காலத்தில் பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, எழுநூறு டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருவானது. மேலிருந்த மலைகளெல்லாம் மழையிலும் காற்றிலும் கரைந்து போன பிறகுதான் அது வெளிச்சத்தைக் கண்டது. அந்த ஆழத்தில் பிறக்கின்ற பொருள்களுள் ஒன்றுதான் கார்னெட். பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளில் கரிய சார்னோக்கைட்டை ஒட்டி வெளிறிய நிறப் பாறைகளும் உண்டு; சிவப்புப் புள்ளிகள் அவற்றில்தான் அதிகம் தென்படும்.

நிலவியலாருக்கு இந்தப் புள்ளி ஒரு வெப்பமானி. கார்னெட்டிலும் அதை ஒட்டியிருக்கும் கரிய மைக்காவிலும் இரும்பும் மக்னீசியமும் எந்த விகிதத்தில் பங்கிடப்பட்டிருக்கின்றன என்று அளந்தால், பாறை எந்த வெப்பத்தில் உருவாயிற்று என்று கணக்கிட்டுவிடலாம். இருநூறு கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் எரிந்த அடுப்பின் சூட்டை இன்று அளப்பது என்றால் வியப்பன்றோ!

அந்தக் காலத்தில் சென்னையின் வீடுகளுக்கு இந்தக் குன்றுகளே ஜல்லி தந்தன. இப்போது பழைய கல்குவாரிகள் பல நீர் நிரம்பிய பள்ளங்களாக நிற்கின்றன. லாரிகள் வெகு தொலைவிலிருந்து கல்லைக் கொண்டு வருகின்றன. எந்தக் குன்றின் கல் நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது.

ஒரே தட்டு, வேறு வேறு மாவு

‘கார்னெட்’ என்ற சொல்லே மாதுளையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பழத்தைப் பிளந்ததும் தெரியும் சிவந்த முத்துக்களைப் போலப் பாறையில் இது பதிந்திருப்பதைக் கண்டவர்கள் இட்ட பெயர். பொருத்தமான பெயர்தான். ஆனால் அந்தப் பெயரே கல் எப்போதும் சிவப்பு என்ற தவறான எண்ணத்தையும் விதைத்துவிட்டது. தேன் நிறத்திலும், ஆரஞ்சு நிறத்திலும், இளம்புல்லின் பச்சையிலும், கருநிறத்திலும் கார்னெட் உண்டு. மடகாஸ்கரில் பகல் வெளிச்சத்தில் நீலம் காட்டி விளக்கொளியில் செந்நீலமாக மாறும் கார்னெட்டும் கிடைத்திருக்கிறது.

கார்னெட் என்பது ஒரு கல்லின் பெயரன்று; ஒரு குடும்பத்தின் பெயர். இல்லத்தரசிகளுக்கு இதைச் சொல்வது எளிது. இட்லித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டும் குழியும் எல்லாருக்கும் ஒன்றே. ஊற்றும் மாவுதான் வேறு. கார்னெட்டில் சிலிக்கா என்னும் மணற்சத்துத் தட்டாக நிற்கிறது. அதன் குழிகளில் இரண்டு வகை. ஒரு வகையில் அலுமினியமோ, இரும்போ, குரோமியமோ அமரும். மற்றொரு வகையில் இரும்பு, மக்னீசியம், மாங்கனீஸ், கால்சியம் இவற்றுள் ஒன்று அமரும். யார் யாரோடு அமர்ந்தார்கள் என்பதைப் பொறுத்து நிறமும் எடையும் பெயரும் மாறுகின்றன. இயற்கை மாவை அளந்து ஊற்றுவதில்லை. ஆகையால் ஏறக்குறைய எல்லாக் கார்னெட்டுகளும் கலப்புத்தான்.

இரும்பும் அலுமினியமும் சேர்ந்தால் அல்மண்டைன். பேரன் கொண்டுவந்த புள்ளி இந்த இனமே. ஆசியா மைனரில் அலபண்டா என்ற பழைய நகரின் பெயர் திரிந்து இப்பெயர் வந்தது. இராஜஸ்தானத்தில் வெட்டி எடுத்து ஜெய்ப்பூரில் பட்டை தீட்டப்படும் செங்கருப்புக் கற்கள் இவ்வினத்தவை. இதற்குள் ஊசி ஊசியாக ரூட்டைல் என்ற மற்றொரு கனிப்பொருள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தால், குமிழாகத் தீட்டிய கல்லின்மேல் நட்சத்திரம் போன்ற ஒளிக்கோடு எழும். அத்தகைய நட்சத்திரக் கார்னெட்டுக்கு இந்தியாவும் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலமும் பெயர் பெற்றவை.

இரும்பின் இடத்தில் மக்னீசியம் அமர்ந்தால் பைரோப். ‘நெருப்புக் கண்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல். பாட்டிமார் காலத்து ஐரோப்பாவில் பெண்கள் விரும்பி அணிந்த பொஹீமிய நாட்டுச் சிவப்புக் கல் இதுவே. இவ்விரண்டும் கலந்த ரோஜா நிறக் கல்லை ரோடோலைட் என்பர். ஒரிசாவிலும் இலங்கையிலும் கிடைக்கிறது. மாங்கனீஸ் சேர்ந்தது ஸ்பெஸ்ஸார்ட்டைன், நல்ல கமலா ஆரஞ்சு நிறம். குரோமியம் சேர்ந்த மரகதப் பச்சைக்கு உவரோவைட் என்று பெயர். நம் உவரிக்கும் அதற்கும் ஓர் உறவும் இல்லை, உவாரோவ் என்ற ருஷ்யப் பிரபுவின் பெயர் அது. கால்சியமும் இரும்பும் சேர்ந்த ஆண்ட்ரடைட்டின் பச்சை வகையான டெமண்டாய்ட், ஒளியை வானவில்லாகச் சிதறடிப்பதில் வைரத்தையும் விஞ்சுகிறது. ருஷ்யாவின் யூரல் மலைக் கற்களுக்குள் குதிரைவால் மயிர் விரிந்ததுபோல் நுண்ணிய இழைகள் தெரியும். மற்றக் கல்லில் இத்தகைய இழை குறை. இந்தக் கல்லில் அதுவே பெருமை!

எஞ்சி நிற்பது கால்சியமும் அலுமினியமும் சேர்ந்த குரோசுலர். இதைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில் நம் நவமணிகளுள் ஒன்று இந்த வீட்டுப் பிள்ளை.

ஒரு குருவானவர் இட்ட பெயர்

குரோசுலர் என்பது மேனாட்டு நெல்லிக்காயின் இலத்தீன் பெயரிலிருந்து வந்தது. சைபீரியாவில் முதலில் கண்ட கல் வெளிர்பச்சையாக நெல்லிக்காய் போலவே இருந்தது. தூய குரோசுலருக்கு நிறமே கிடையாது. சிறிது இரும்போ மாங்கனீஸோ கலந்தால் தேன் நிறம், பட்டை நிறம், செம்மஞ்சள். இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற இவ்வகைக் கல்லை ஜெர்மானியர் ‘இலவங்கப்பட்டைக் கல்’ என்றே அழைத்தனர். இதுதான் நம் கோமேதகம்.

இதற்கு ‘ஹெஸ்ஸோனைட்’ என்ற பெயரை இட்டவர் ரெனே ஜுஸ்த் அயுயி என்ற பிரெஞ்சுக் குருவானவர் என்பதை நம் குடும்பங்கள் அறிந்தால் மகிழும். 1743-இல் ஏழை நெசவாளரின் மகனாகப் பிறந்தவர். நண்பர் ஒருவரின் வீட்டில் ஒரு கால்சைட் படிகம் தவறி விழுந்து உடைந்தது. உடைந்த துண்டுகள் ஒவ்வொன்றும் ஒரே வடிவமாயிருப்பதை அவர் கவனித்தார். அங்கிருந்து தொடங்கியதுதான் படிகவியல் என்னும் விஞ்ஞானம். 1792-இல், பிரெஞ்சுப் புரட்சியின்போது, குருக்கள் மீது திணிக்கப்பட்ட உறுதிமொழியை ஏற்க மறுத்ததற்காகச் சிறை புகுந்தார். அங்கும் தம் படிகங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாராம். முன்னாள் மாணவர் ஒருவரின் முயற்சியால் விடுதலை ஆணை வந்தபோது, பொழுதாகிவிட்டது, நாளைக்குப் போகலாம் என்றாராம்! சில நாட்களில் அதே சிறையில் குருக்கள் பலர் படுகொலை செய்யப்பட்டனர்.

‘ஹெஸ்ஸோன்’ என்றால் கிரேக்கத்தில் ‘குறைந்தது’ என்று பொருள். ஒத்த தோற்றமுடைய வேறு கற்களைவிடக் கடினத்திலும் எடையிலும் சற்றுக் குறைந்தது என்பதால் அப்பெயர். நம் நாட்டில் நவமணிகளுள் ஒன்றென ஏற்றி வைத்ததை, அங்கே ‘குறைந்தது’ என்று பெயரிட்டு அழைத்தார்கள். இலங்கையில் இதைத் தேடுவோர், வயலிலும் ஆற்றோரத்திலும் கிணறுபோல் குழி இறக்கி, ‘இல்லம்’ எனப்படும் கூழாங்கல் படிவத்தை மேலே கொண்டுவந்து, கூடைகளில் போட்டு நீரில் அலசுவர். மண்ணும் மணலும் போனபின் அடியில் தங்குபவற்றுள் கோமேதகமும் ஒன்று.

அதே குரோசுலரில் வனேடியமும் குரோமியமும் சிறிது புகுந்தால் மரகதத்தை மங்கச் செய்யும் பச்சை வருகிறது. காம்ப்பெல் பிரிட்ஜஸ் என்ற நிலவியலார் 1967-இல் டான்சானியாவில் இதைக் கண்டார். பிறகு கென்யாவிலும் கண்டார். சாவோ தேசியப் பூங்காவின் பெயரால் 1974-இல் ‘சாவோரைட்’ ஆயிற்று. 2009-இல், சுரங்க உரிமைத் தகராறில், ஒரு கும்பல் அவரைத் தாக்கிக் கொன்றது. பச்சைக் கல்லின் விளம்பரங்களில் இந்தச் செய்தி வருவதில்லை.

அச்சத்தின் விலை

நிற்க. கோமேதகம் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கல் அன்று, இராகு. நாம் கிறிஸ்தவர்கள், நமக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் மகனுக்கு வேலை கிடைக்கவில்லை, மகளுக்கு வரன் அமையவில்லை என்னும்போது, பக்கத்து வீட்டார் சொல்லும் ஆலோசனை காதில் ஏறிவிடுகிறது.

எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த ஒரு சகோதரி, மூன்று ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் மகனுக்காக ஒரு கோமேதக மோதிரம் வாங்கினார். பங்குத்தந்தைக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு என்னிடம் காட்டினார். இரண்டு மாதச் சீட்டுப் பணம் அதில் போயிருந்தது. நகைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கியால் பார்த்தேன். நல்ல கோமேதகத்தின் உள்ளே பார்த்தால், கொதிக்கும் வெல்லப் பாகில் நெளியும் கோடுகள்போல, அல்லது நண்பகலில் தார்ச் சாலையின் மேல் தோன்றும் கானல்போல ஒரு கலக்கம் தெரியும். வேறெந்தக் கல்லிலும் இவ்வளவு தெளிவாக அது இருப்பதில்லை. அந்த மோதிரத்தில் கலக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. வட்ட வட்டமாக இரண்டு காற்றுக் குமிழ்கள் மட்டும் இருந்தன. கண்ணாடி! சோதனைக் கூடத்திலும் அதையே சொன்னார்கள். விற்ற கடையில் போய்க் கேட்டதற்கு, கல்லைக் கழற்றி மாற்றியது நீங்கள்தாம் என்று பதில் வந்தது.

அவர் அழுதபோது எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. ஆகையால் தெரிந்ததை எழுதுகிறேன். கோமேதகம் என்ற பெயரில் கண்ணாடி விற்கப்படுவதோடு, ஜிர்கான் என்ற வேறு கல்லும் விற்கப்படுவதுண்டு. ஜிர்கானின் மேல்முகம் வழியாக உருப்பெருக்கியில் பார்த்தால், பின்பக்கத்துப் பட்டைகளின் விளிம்புகள் இரண்டிரண்டாகத் தெரியும். ஒளியை இரண்டாகப் பிரிக்கும் குணம் அதற்கு உண்டு. கார்னெட்டுக்கு அந்தக் குணமே கிடையாது. விலை கொடுக்கும் முன் கல்லைச் சோதனைக் கூடத்தில் காட்டிச் சான்றிதழ் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. அழகுக்காக வாங்குகிறவர் அழகைப் பார்த்து வாங்குவார். அச்சத்தால் வாங்குகிறவருக்குப் பார்க்கப் பொறுமை இருப்பதில்லை. விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும்.

பெயரை மட்டும் நம்பி ஏமாந்தது நம் தலைமுறை மட்டுமன்று. பழங்காலத்தார் கற்களை நிறத்தால்தான் பிரித்தார்கள். சிவந்து ஒளிர்ந்த கல் எதுவானாலும் உரோமர்களுக்கு அது ‘தணல் கல்’தான், மாணிக்கமும் அதில் அடக்கம், கார்னெட்டும் அடக்கம். விடுதலைப் பயண நூலின் 28-ஆம் அதிகாரத்தில் தலைமைக் குருவின் மார்புப் பட்டையில் பதித்த பன்னிரண்டு கற்களுக்கு மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு பெயர் மாறுவதற்கும் காரணம் இதுவே.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். என் தாயாரின் கம்மலில் பக்கத்துக்கு ஏழாகச் சிவப்புக் கற்கள். அசல் பர்மாக் கெம்பு என்று அம்மா கடைசிவரை நம்பியிருந்தார். தங்கையின் திருமணச் செலவுக்கு அதை விற்கக் கொண்டு சென்றபோது, கடைக்காரர் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் விலை சொன்னார். “சிவப்புக் கல்லம்மா, இதற்கு ஒன்றும் கிடையாது” என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் கம்மலைத் திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். பல ஆண்டுகள் கழித்து நான் சோதித்துப் பார்த்தேன். பதினான்கும் அல்மண்டைன்.

அரிக்கமேட்டிலிருந்து ஆலயம் வரை

ஒன்றும் கிடையாது என்று அவர் சொன்ன கல்லின் பழைய பெருமையைக் கேளுங்கள். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில், உரோமர்களோடு வாணிகம் நடந்த காலத்தில், கார்னெட்டைத் துளையிட்டு மணியாக்கும் பட்டறைகள் இருந்தன. கொங்கு நாட்டுக் கொடுமணல் அகழாய்விலும் மற்ற மணிகளோடு கார்னெட் மணியும் கிடைத்தது. அரிக்கமேட்டுக்கு இந்தக் கல் எங்கிருந்து வந்தது? 2017-இல் ஐரோப்பிய, இந்திய ஆராய்ச்சியாளர் சிலர் கல்லினுள் சிக்கியுள்ள நுண்பொருள்களையும் இரசாயனச் சேர்க்கையையும் ஒப்பிட்டு விடை கண்டனர்: இன்றைய தெலங்கானாவில் கம்மம் பகுதியிலுள்ள கரீப்பேட்டை. அறுநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு!

கதை அங்கும் நிற்கவில்லை. 1653-இல் இப்போதைய பெல்ஜியத்தின் தூர்னே நகரில் ஒரு கல்லறை வெளிப்பட்டது. பிராங்கு மக்களின் அரசன் கில்டெரிக்கின் கல்லறை. வாளுறையிலும் பொன் தேனீக்களின் சிறகுகளிலும் தகடு தகடாகச் சிவந்த கார்னெட் பதித்திருந்தது. இவனுடைய மகன்தான் புனித ரெமிஜியுஸ் கையால் திருமுழுக்குப் பெற்ற குளோவிஸ் மன்னன். பாரிசுக்கு அருகே புனித தெனிஸ் பேராலயத்தின் கீழ் அடக்கம் செய்யப்பட்ட அரச குடும்பத்தாரின் நகைகளிலும் இக்கல் உண்டு. பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் அந்நகைகளை ஊறுபடுத்தாமல் கதிர்களைக் கொண்டு ஆராய்ந்தபோது, ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுக் கார்னெட்டுகளில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றவை என்று தெரிந்தது. அதற்குப் பிற்பட்ட நகைகளில் நம் பக்கத்துக் கல் குறைந்து ஐரோப்பியக் கல் தலையெடுக்கிறது. கடல் வழி வாணிகம் தடைப்பட்டதை அரசிகளின் கொக்கிகள் காட்டிக்கொடுக்கின்றன.

சிவந்த கரை

இனி நகையை விட்டுக் கடற்கரைக்கு வருவோம். எங்கள் அன்பியத்தில் தென்கோடிக் கடற்கரையிலிருந்து பிழைப்புக்காக வந்து குடியேறிய குடும்பமொன்று உண்டு. அவர்கள் வீட்டு மாதா படத்தின் அருகே ஒரு கண்ணாடிப் புட்டியில் மணல் இருக்கிறது. கீழே வெள்ளை, இடையில் கறுப்பு, மேலே குங்குமம் போன்ற சிவப்பு. அந்தச் சிவப்பு முழுவதும் கார்னெட்.

தென்மாவட்டப் பாறைகளிலும் நம் பரங்கிமலைப் பாறையின் உறவினங்கள் உண்டு. அவை சிதைந்து, மழையிலும் ஆற்றிலும் உருண்டு கடலைச் சேர்கின்றன. வெறும் மணலின் எடை தண்ணீரைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். கார்னெட்டின் எடையோ நான்கு மடங்கு. அலை ஏறும்போது இரண்டையும் சுமந்து வருகிறது. திரும்பும்போது இலேசானதை இழுத்துக்கொண்டு கனமானதை விட்டுச் செல்கிறது. முறத்தில் புடைக்கும் கைபோல ஆயிரமாயிரம் ஆண்டுகள் அலை புடைத்ததால், கரையில் வரிவரியாகச் சிவப்பும் கறுப்பும் படிந்தன. கறுப்பு, இல்மனைட். இவற்றோடு ஜிர்கான், ரூட்டைல், மோனசைட் எல்லாம் கலந்தே இருக்கும். 1909-இல் ஜெர்மானியரான ஷோம்பர்க் என்பவர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்ததிலிருந்து, மணவாளக்குறிச்சிப் பகுதியில் இந்த மணலைப் பிரித்தெடுக்கும் தொழில் தொடங்கியது.

கார்னெட் மணலுக்கு நகைக் கடையில் வேலை இல்லை. அது உப்புத்தாள்போல் தேய்க்கும் பொருள். அமெரிக்காவில் பார்ட்டன் என்பவர் 1878-இலேயே கார்னெட் ஒட்டிய தேய்ப்புத் தாளுக்காகச் சுரங்கம் தொடங்கினார். இன்று மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்சும் தண்ணீரில் இந்த மணலைக் கலந்து, இரும்புத் தகட்டையும் சலவைக்கல்லையும் தீப்பொறி இல்லாமல் அறுக்கிறார்கள். கப்பலின் துருவைச் சுரண்டவும், குடிநீரை வடிகட்டவும் பயன்படுகிறது. ஆஸ்திரேலியாவோடு போட்டியிட்டு உலகச் சந்தைக்கு இதை அனுப்பிய நாடு இந்தியா. அதில் பெரும்பங்கு திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து சென்றது.

அந்தக் கரையில்தான் நம் மீனவ மக்களின் பங்குகள் வரிசையாக நிற்கின்றன. பிரான்சிஸ் சவேரியார் நடந்த கரை அது. மணல் மேடு போனால் கடல் ஊருக்குள் வருகிறது, கிணற்று நீர் உப்பாகிறது, வலை உலர்த்தவும் வள்ளம் ஏற்றவும் இடமில்லை என்று அம்மக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டனர். எல்லா ஊர்களும் ஒரே பக்கம் நின்றன என்று சொல்வதற்கில்லை. மணலால் வேலை பெற்றவர்களும் அதே ஊர்களில் இருந்தனர். ஒரே ஆலயத்தில் பூசை காணும் குடும்பங்கள் ஒன்றோடொன்று பேசாதிருந்த காலமும் உண்டு. 2013-இல் தமிழக அரசு முதலில் தூத்துக்குடி மாவட்டத்திலும், அடுத்த மாதமே மற்ற மாவட்டங்களிலும் தாது மணல் அள்ளத் தடை விதித்து, ஆய்வுக் குழுவை அனுப்பியது. வழக்குகள் நீண்டன. 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம், முறைகேடுகளை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்க உத்தரவிட்டது.

அள்ளிய இடத்தை அலை மீண்டும் நிரப்பிவிடும் என்பது மணல் தொழிலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம். உண்மைதான், அலை நிரப்பும். பாறை கரையும் வேகத்தில் நிரப்பும். லாரியின் வேகத்தில் அன்று.

புட்டி வைத்திருக்கும் வீட்டுப் பெரியவரிடம் ஒருநாள், ஏன் இதைக் கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன். “வீடு இருந்த இடத்து மண்ணு ஐயா, வேற என்ன இருக்கு அங்க எடுத்துட்டு வர” என்றார்.

காந்தமும் கண்ணும்

மனிதன் ஆய்வுக் கூடத்திலும் கார்னெட்டைச் செய்கிறான். அதே தட்டு, ஆனால் மணற்சத்துக்குப் பதிலாக அலுமினியமும் யிட்ரியமும். சுருக்கமாக ‘யாக்’ என்பார்கள். அதில் நியோடிமியம் என்ற பொருளைச் சிறிது கலந்தால் லேசர் கதிர் பிறக்கிறது. கண்புரை அறுவைக்குப் பிறகு சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ பார்வை மீண்டும் மங்கும் முதியோருக்கு, விழி வில்லைக்குப் பின்னாலுள்ள மெல்லிய திரையை நொடியில் திறந்து விடுவது இந்தக் கதிர்தான். எனக்கும் செய்தார்கள். பேரன் கொண்டுவந்த ஜல்லியின் புள்ளியை நான் கண்ணாடியில்லாமல் பார்த்ததற்குக் கார்னெட்டின் உறவுக்காரன் ஒருவன் செய்த உதவியே காரணம்.

அந்த நியோடிமியத்தை மோனசைட்டிலிருந்து எடுக்கலாம். ஆம், அதே கரையில், அதே அலை ஒதுக்கிய மோனசைட். இன்று கடைகளில் கிடைக்கும் மிக வலிய சிறு காந்தங்களும் அதே நியோடிமியத்தால் ஆனவையே. அத்தகைய காந்தமொன்றைப் பேரனுக்கு வாங்கிக் கொடுத்தேன். சாதாரணக் காந்தத்துக்கு அசையாத அல்மண்டைன் இதற்கு அசையும். அதிலுள்ள இரும்பே காரணம். மாணிக்கம் அசையாது, சிவப்புக் கண்ணாடியும் பெரும்பாலும் அசையாது.

கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, ஒரு துண்டுத் தெர்மோகோலை மிதக்கவிட்டு, அதன்மேல் அம்மாவின் கம்மலில் ஒன்றை வைத்தோம். காந்தத்தை ஒரு விரற்கடைத் தூரத்தில் பிடித்தான். முதலில் ஒன்றும் நிகழவில்லை. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு, தயங்கித் தயங்கி, அந்தச் சிறு வெள்ளைத் தெப்பம் பதினான்கில் ஏழு கற்களைச் சுமந்துகொண்டு காந்தத்தை நோக்கி நகரத் தொடங்கியது.

கம்மல் இப்போது என் மகளிடம் இருக்கிறது. திருவிழாவுக்கு அணிவாள். வீட்டில் எல்லாரும் இன்னும் அதைப் பாட்டியின் கெம்புக் கம்மல் என்றுதான் சொல்கிறோம். பேரன் மட்டும் அப்படிச் சொல்லும்போதெல்லாம் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறான்.